ரோகிணியைப் பெண் பார்க்க வந்த கல்லூரிகள்

உங்கள் ஊருக்கு எப்போதாவது கல்லூரி பெண் பார்க்க வந்திருக்கிறதா? கல்லூரியில் படித்த மாப்பிள்ளையைக் கேட்கவில்லை, கல்லூரியையே கேட்கிறேன், சுவர், கூரை, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றோடும் எழுந்து நடந்து வருகிற கல்லூரியை. வந்ததில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். எங்கள் நெடுமடைக்கு அதுவரை பஸ்ஸே ஒழுங்காக வந்ததில்லை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் டிரைவருக்கு மனசு இருந்தால். அப்படிப்பட்ட ஊருக்கு, வைகாசி மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த ஒன்பதாம் நாள் காலையில், ஐந்து மாடி உயரத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி வந்து காய்ந்த கண்மாய்க்குள் நின்றது. ஆட்டைப் பத்திக்கொண்டு கரைமேல் போன என் மாமியார் பஞ்சவர்ணம் அதை அண்ணாந்து பார்த்தார், முந்தானையை இழுத்துச் செருகினார், ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்று சொன்னார்:

"ஏத்தா, வீட்டுல ரவை இருக்கா? பொண்ணு பார்க்க வந்துருக்காக."

பெண் என்றால் ரோகிணி, என் வீட்டுக்காரர் கதிரேசனின் தங்கை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். வந்த வாரமே என் நகப்பாலீஷைக் காணவில்லை. தேடிப் போனால், கொல்லையில் உடைந்த மண்பானைக்குள் அவள் வளர்த்த சாணி வண்டுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் என் நகப்பாலீஷால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தது. எந்த வண்டு ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை உருட்டுகிறது, வெயில் இருந்தால் எந்தப் பக்கம், மப்பாக இருந்தால் எந்தப் பக்கம் என்று எழுத ஒரு நோட்டு. கண்மாய் மடையில் நட்டிருக்கிற பழைய கல்லில் கோதுமை மாவைத் தேய்த்து, பள்ளத்தில் தங்குகிற மாவில் வெள்ளையாகத் தெரிகிற அந்தக் காலத்து எழுத்தைப் பார்த்து எழுத இன்னொரு நோட்டு. கணக்குக்கு மூன்றாவது நோட்டு. அதில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது, நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு நிறுத்தியவள், ஆனால் சமையலுக்கு நடுவில் அவள் ஓடிவந்து, "மதினி, இங்க பாருங்க, இது முடியவே முடியாது போல!" என்று சிரிப்பாள், முடியாத ஒன்றைக் கண்டு இப்படிச் சந்தோஷப்படுகிற பிள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடப் போனபோது நான்தான் கூடப் போனேன், இடுப்பில் என் மகள் நிறைமதியோடு. "விருப்பப் பாடம் எதும்மா?" என்று கேட்டார் கடைக்காரர். "பூச்சி, கணக்கு, கல்வெட்டு" என்றாள். "ஒண்ணைச் சொல்லு" என்றார். "மூணுந்தான்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் நிறைமதியின் மூக்கைத் துடைத்தேன். மூன்று பாடத்துக்கு மூன்று கல்லூரி என்று மூன்று விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தோம். எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் போடுகிறார்கள். கல்லூரிகள் கிளம்பி வந்தது எங்களுக்கு மட்டுந்தான், அது ஏன் என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை.

முதலில் வந்த இன்ஜினியரிங் கல்லூரிக்கு நாங்கள் விண்ணப்பமே போடவில்லை. அது விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கிற ரகம் இல்லை, வயசுப் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் வரும். நீலக் கண்ணாடி முகப்பு, பின்னாலேயே கோழிக்குஞ்சு மாதிரி எட்டு மஞ்சள் பஸ், வாசல் ஒலிபெருக்கியில், "வருக வருக, நூறு சதவீத வேலைவாய்ப்பு, வருக வருக" என்று ஒரு பெண்குரல் மூச்சுவிடாமல். அன்று மத்தியானமே வேளாண்மைக் கல்லூரி வந்தது, தன் நாற்பது ஏக்கர் பண்ணையைக் கோரைப்பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாட்டுத்தொழுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. மறுநாள் கணக்குக்குப் பேர்போன கல்லூரி, கல் கட்டடம், நெற்றியில் மணிக்கூண்டு, ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் ஒரு மணி அடித்து, எண்ணி எண்ணி வந்தது, கரையேறும்போது ஒரு எண் தவறிவிட்டது போலிருக்கிறது, திரும்பிப் போய் மறுபடி எண்ணிக்கொண்டு வந்தது. கடைசியாக, மூன்று நாள் தாமதமாக, அரசுக் கலைக் கல்லூரி. காம்பவுண்டுச் சுவர் ஒரு பக்கம் இல்லை, பெயர்ப்பலகையில் நாலு எழுத்தைக் காணோம், கூரையெல்லாம் புறா. அது கண்மாய்க்குள் இறங்கவில்லை, பந்தி நடக்கிற வீட்டில் கூப்பிட்டார்களா இல்லையா என்று சந்தேகத்தோடு நிற்கிறவரைப் போல ஓரத்து வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றது. வாத்தியார்கள் எல்லோரும் கோடை விடுமுறையில் இருந்ததால் நாலு கல்லூரியும் துணைக்கு யாருமில்லாமல் தனியாகத்தான் வந்திருந்தன.

இருபது வருஷமாக மனுமேல் மனு கொடுத்தும் போகாத சீமைக்கருவேலமரம் எங்கள் கண்மாய் முழுக்கக் காடாகக் கிடந்தது. உள்ளே இறங்கிய மூன்று கல்லூரியும் நின்று, உட்கார்ந்து, இடம் மாறி உட்கார்ந்ததில் ஒரு குச்சி மிச்சமில்லை. கல்வியால் எங்கள் ஊருக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

வந்தவர்களுக்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்தோம். அத்தை கேசரி கிண்டினார், நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். ரோகிணிக்கு என் கல்யாணப் பட்டைக் கட்டி, தலைநிறையப் பூ வைத்து, காபித் தட்டோடு கரைமேல் நடக்கவிட்டோம். சொந்தக்காரர்கள் கல்லூரிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, தூண்களைத் தட்டிப்பார்த்து, "ஆம்பளைப் பிள்ளைக ஆஸ்டல் எந்தப் பக்கம்?", "தண்ணி நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?", "இங்க முடிச்ச பிள்ளைக யாரும் ஓடிப்போயிருக்காகளா?" என்று விசாரித்தார்கள். எந்தப் பாடத்தை யார் நடத்துகிறார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, முதல் சந்திப்பிலேயே அந்தரங்கமானதைக் கேட்பது மரியாதையில்லை. நாலு வாசற்படியிலும் நாலு தட்டு வைத்தோம். மூன்று தட்டைக் காக்காய் தின்றது. அரசுக் கல்லூரியின் வாசலில் வைத்த தட்டு மட்டும் காலியாக, கழுவிக் கவிழ்த்து, திரும்பி வந்தது.

இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறந்தான் என் மாமனார் சேதுராசன் தன் வேலையைக் காட்டினார். அவர் யாரையும் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு முகூர்த்த நாளில் மூன்று கல்யாண வீட்டிலும் முழுச்சாப்பாடு சாப்பிட்டு, நாலாவது வீட்டு வாசலில் மயங்கி விழுந்து, எழுந்து உட்கார்ந்து பாயசம் குடித்தவர். இன்ஜினியரிங் கல்லூரியின் வாசலிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டு நீண்டது, வாங்கிக்கொண்டார். வேளாண்மைக் கல்லூரியிடமும் வாங்கினார். மணிக்கூண்டுக் கல்லூரியிடமும் வாங்கினார். அரசுக் கல்லூரி கொண்டுவந்தது நாலே நாலு வெற்றிலை, அதுவும் வாடல், அதையும் கண்ணில் ஒற்றி வாங்கினார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீக?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அத்தை. "வெத்தலை மாத்துனா உறுதின்னு தெரியாதா உங்களுக்கு? ஒரு பொண்ணுக்கு நாலு எடத்துலயா?"

"வீடு தேடி வந்தவுகள எப்படி வேணாங்கறது, பஞ்சு?"

"அப்ப நாலு கல்லூரியிலயும் நீங்களே போய்ப் படிங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். வெற்றிலை வாங்கிய வீடு ஒரு மண்டலத்துக்குள், நாற்பத்தெட்டு நாளைக்குள், நாள் குறித்துச் சொல்லவேண்டும். அதுவரை வந்தவர்கள் ஊரைவிட்டுப் போகக்கூடாது. சொல்லாமல் மண்டலம் கழிந்தால் வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் அந்த வீட்டு வாசலை எவரும் மிதிக்கமாட்டார்கள். ரோகிணி ஆட்டுக்கொட்டில் சுவரில் கரித்துண்டால் முதல் கோட்டைப் போட்டாள். நாற்பத்தெட்டாவது கோட்டுக்குள் அவள் வாயால் ஒரு பெயர் வரவேண்டும், வராவிட்டால் பூச்சியும் இல்லை, கணக்கும் இல்லை, கல்வெட்டும் இல்லை, காலமெல்லாம் ஆட்டுக்கொட்டில்தான்.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? ஊர் குடியேறிவிட்டது. இன்ஜினியரிங் கல்லூரியில் லிஃப்ட் இருந்தது. எங்கள் கண்மாய்ச் சங்கத் தலைவர் இருளப்பன், இருபது வருஷமாகத் தண்ணீர் நிறையாத கண்மாய்க்குத் தலைவராக இருந்து களைத்தவர், காலையில் அதில் ஏறினால் மத்தியானம்தான் இறங்குவார், இடையில் ஐந்தாம் மாடிக்கும் தரைக்குமாகப் போய்வந்துகொண்டிருப்பார். ஏசி ஹாலில் ஊர் ஆண்கள் எல்லாம் மத்தியானத் தூக்கம், எட்டு பஸ்ஸின் கூரையிலும் முண்டு மிளகாய் காய்ந்தது. வேளாண்மைக் கல்லூரி சுருட்டிய பண்ணையை விரித்ததும் அதில் ஆடுகள் சேர்ந்துகொண்டன, எங்கள் ஊரிலிருந்து உயர்கல்விக்குப் போன முதல் தலைமுறை அதுதான், எல்லாமே நன்றாகத் தேறின. மணிக்கூண்டு வந்தபின் ஊருக்கு முதல்முறையாகச் சரியான நேரம் தெரிந்தது. அதுவரை சும்மா தாமதமாக வந்தவர்கள் இப்போது பதினேழு நிமிஷம் தாமதமாக வந்தார்கள். நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. அரசுக் கல்லூரியின் கலையரங்கத்தைப் பார்த்ததும், ஐம்பத்திரண்டாம் நாள் நல்ல நாள் என்று நிறைமதியின் காதுகுத்தை அங்கே வைக்க முடிவுசெய்து, பத்திரிகை அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் விட்டேன். நாற்பத்தெட்டுக்குப் பிறகு ஐம்பத்திரண்டு வரும் என்பது எனக்கும் தெரியும். அப்போது தெரிந்துகொள்ளவில்லை.

அப்புறம் ஆலோசனை. ரோகிணி எந்தப் பக்கம் போனாலும் ஒருவர் நின்று சொன்னார்.

"பூச்சி படிச்சேன்னா பூச்சிமருந்துக் கடை போடலாம்."

"பூச்சிய உயிரோட பார்க்கத்தான் மாமா படிக்கப் போறேன்."

"கணக்குப் படிச்சா டியூசன் எடுக்கலாம், பொம்பளைப் பிள்ளைக்குப் பாந்தமா இருக்கும்."

"கல்வெட்டு எதுக்கு? செத்தவன் எழுதுனத இருக்கறவன் படிச்சு என்னாகப் போகுது?"

"பேசாம இன்ஜினியருக்குப் போயிரு. எல்லாரும் அங்கதான போறாக."

"எல்லாரும் போறாக, சரி. போனவுக எங்க, அத்தே?"

அதற்குப் பதில் சொல்லவேண்டிய பையன்கள் மூன்று பேர் அப்போது ஏசி ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மூன்று பேரும் இன்ஜினியர்கள்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா, யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. "நிதானமா முடிவு பண்ணும்மா, வாழ்க்கைப் பிரச்சினை" என்றார்கள், லிஃப்டுக்குள்ளிருந்து. "நல்லா யோசி, இன்னும் நாளிருக்கு" என்றார்கள், ஆட்டை அவிழ்த்துவிட்டபடி. அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்ற மூன்றும் எழுந்து போய்விடும், சொன்ன ஒன்றும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஒரு பெண்பிள்ளையின் படிப்பைப் பற்றி எங்கள் ஊர் இவ்வளவு ஆழமாகச் சிந்தித்தது அதுதான் முதல்தடவை.

ரோகிணிக்கும் ஒன்றைச் சொல்ல முடியவில்லை, அதுதான் வேதனை. காலையில் வேளாண்மைக் கல்லூரிக்குப் போவாள், அங்கே நுண்ணோக்கிக்கு அடியில் தன் நாலாம் நம்பர் வண்டின் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "மதினி, அது கால்ல சீப்பு இருக்கு, வரிசையா பல்லு, நம்ம பேன்சீப்பு மாதிரியே!" என்று ஓடிவருவாள். சரி, பூச்சிதான் என்று நான் நினைப்பேன். மத்தியானம் மணிக்கூண்டுக் கல்லூரியின் நூலகத்தில் உட்கார்ந்தால் சாயங்காலம் கூப்பிட்டால்தான் எழுவாள். சரி, கணக்குதான். சாயங்காலம் மடைக்கல்லுக்குப் போவாள். அந்தக் கல்லின் கீழ்ப்பாதி எத்தனையோ காலமாக வண்டலில் புதைந்து கிடந்தது, கல்லூரிகள் மிதித்து உட்கார்ந்ததில் மண் அமுங்கி, யாரும் பார்த்திராத வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஒருநாள் அரசுக் கல்லூரி, அதற்கு யார் சொன்னார்களோ, பழைய எழுத்தைப் படிக்கிற புத்தகம் ஒன்றைத் தன் ஜன்னல் வழியாக மெதுவாகக் கல்லின் பக்கத்தில் வைத்துவிட்டு, தான் வைக்கவே இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது மடைத்தண்ணியப் பங்கு போட்ட கல்லு மதினி," என்று காட்டினாள். "யாராருக்கு எத்தன பங்குன்னு வெட்டிருக்காக. எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன். ஒண்ணு வரணும்ல, வரல. ஒரு முந்திரி குறையுது."

"முந்திரிப் பருப்பா?"

"அய்யோ மதினி! அந்தக் காலத்து அளவு. முந்நூத்தி இருபதுல ஒரு பங்கு. அந்த ஒரு பங்குத் தண்ணி யாருக்குன்னு தெரியல. இன்னும் வரி கீழ இருக்கு."

சொல்லிவிட்டு மாவு அப்பிய கையோடு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "எதை விடச் சொல்றீக, மதினி? எதை விட்டாலும் இந்தக் கை போன மாதிரி இருக்கு." நிறைமதி அவள் மடியில் ஏறி, மாவை நக்கினாள்.

நாற்பதாம் கோடு போட்ட அன்று இருளப்பன் கூட்டம் போட்டார், லிஃப்டுக்கு முன்னால்.

"பிள்ளை மனச நோகடிக்கக் கூடாது," என்றார், கண் கலங்க. "அதுக்கு எல்லாமே பிடிச்சிருக்கு. அதனால ஊர் முடிவு, மண்டலத்த இன்னொரு மண்டலம் நீட்டிக்கறது. அதுலயும் முடியலன்னா இன்னொண்ணு. திங்கக்கெழம பூச்சி, செவ்வாக்கெழம கணக்கு, புதன்கெழம கல்லு..."

"வியாழக்கெழம?" என்றாள் ரோகிணி.

"வியாழக்கெழம லிஃப்டு பராமரிப்பு. அதையும் நீ படிச்சுக்கலாம்."

"மண்டலத்த நீட்டிக்க முடியுமாண்ணே?" என்றேன் நான்.

"ஊர் நெனச்சா முடியும்."

"கண்மாய்ல தண்ணி நிறையணும்னு ஊர் இருபது வருசமா நெனச்சதே, அந்த மாதிரியா?"

எல்லோரும் என் மாமனாரைப் பார்த்தார்கள், மருமகள் பேசுகிறாள் என்று. மாமா, வழக்கம்போல, இருளப்பனிடமும் தலையாட்டினார், என்னிடமும் தலையாட்டினார். கூட்டம் கலைந்தது. அவரவர் தங்கள் துறைக்குப் போனார்கள், ஆடுகள் உட்பட.

நாற்பத்தேழாம் நாள். விடுமுறை முடிந்து வாத்தியார்கள் கல்லூரிகளைத் தேடி ஜில்லா ஜில்லாவாக அலைவதாகச் செய்தி வந்திருந்தது. மேற்கே மலையில் நல்ல மழை, அணையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்றும் செய்தி. எங்கள் ஊரில் அதை யாரும் நம்பவில்லை, தண்ணீர் வரும் என்ற செய்தி வருஷாவருஷம் ஒழுங்காக வந்துவிடும். வீட்டில் நிறைமதி சுவர் முழுக்கக் கிறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். கிறுக்க ஒரு காகிதம் கிடைக்குமா என்று ரோகிணியின் அலமாரியைக் குடைந்தேன். பூச்சி நோட்டில் அட்டைவரைக்கும் எழுத்து, ஓரத்திலும் எழுத்து. கல்வெட்டு நோட்டில் மாவுக்கை பட்ட பக்கங்கள், கடைசிப் பக்கத்தில் தாள் ஒட்டி நீட்டியிருந்தது. கணக்கு நோட்டில்தான் இடம் இருந்தது, பாதி நோட்டு வெள்ளை. எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏ ரோகிணி, இந்தக் கணக்கு நோட்டுல பாதி சும்மாதான கெடக்கு, பாப்பாவுக்குக் கிழிச்சுத் தரவா?"

"அது சும்மா கெடக்கல மதினி," என்றாள், நிமிராமல். "அதுக்கு மேல தெரியல. யார்ட்டக் கேக்கறது? அதான் நிக்குது."

"மத்த ரெண்டும் எப்படி ரொம்புச்சு?"

"வண்டு கண்ணு முன்னாடி உருட்டுது, பார்த்து எழுதுறேன். கல்லு இங்கயே நிக்குது, தேய்ச்சா தெரியுது. அதுக்கு யாரு வேணும்..."

பாதியில் நிறுத்தினாள். நோட்டை என் கையிலிருந்து வாங்கினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒவ்வொரு கணக்கும் கொஞ்சதூரம் போய், ஒரு கேள்விக்குறியில் நின்றிருந்தது, கதவு திறக்கும் என்று தட்டிக்கொண்டே நிற்கிற ஆள் மாதிரி. பதினோரு கேள்விக்குறி, எண்ணினாள். பிறகு எழுந்து, முகம் கழுவி, தலை சீவி, நாலு வெற்றிலைத் தட்டையும் எடுத்து அடுக்கிக்கொண்டு கண்மாய்க்கு நடந்தாள்.

"ஏய், பொண்ணுப்பிள்ளை தட்டத் திருப்பிக் குடுக்கற வழக்கம் இல்லடி!" என்று பின்னாலேயே ஓடினார் அத்தை.

"வெத்தலைய அப்பா வாங்குனாரு. அவரால முடியாது. அவரு குடுத்தா இன்னொரு தட்டு வாங்கிட்டு வருவாரு."

மாமா அதற்கும் தலையாட்டினார். ஆனால் முதல்முறையாகத் தோளிலிருந்து துண்டை எடுத்து, மகள் போகிற பாதையில் கிடந்த கருவேலமுள்ளைத் தள்ளிவிட்டார்.

முதலில் இன்ஜினியரிங் கல்லூரி. "எனக்கு வேண்டாங்க" என்றாள். "வருக வருக" என்றது. "வேண்டாங்க." "நூறு சதவீத வேலைவாய்ப்பு." தட்டைப் படியில் வைத்தாள். லிஃப்டுக்குள் இருந்த இருளப்பன் வெளியே குதிக்க நேரம் கொடுத்தது, அதுவே பெரிய மனசு. பஸ்மேல் காய்ந்த மிளகாயோடு கிளம்பி, சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊரில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றதாகக் கேள்வி. வேளாண்மைக் கல்லூரியிடம் கொஞ்சநேரம் நின்றாள், அதன் தொழுவத்து மாட்டை நெற்றியில் தடவினாள், மாட்டுக்கு அடியிலிருந்த சாணத்தை, கூச்சமில்லாமல், ஒரு வாழை இலையில் எடுத்துக்கொண்டாள். "என் வண்டுக உங்க சாணிய மறக்காது" என்றாள். அது பண்ணையைச் சுருட்டியது, எங்கள் ஆடு இரண்டு உள்ளேயே சுருண்டு போனது, அவை இப்போது முதுகலை படித்துக்கொண்டிருக்கும்.

அரசுக் கல்லூரிதான் கஷ்டம். வேப்பமரத்தடியில் அது தலைகுனிந்து நின்றது. சருகாகிப்போன அந்த நாலு வெற்றிலையையும் தட்டில் வைத்து நீட்டினாள் ரோகிணி. "இப்ப இல்ல," என்றாள். "கணக்குல மூணு வருசம் தட்டிப் பார்த்துட்டு வாரேன். அப்ப எடம் இருக்குமா?" கூரையிலிருந்த புறாக்கள் ஒருதரம் எழுந்து உட்கார்ந்தன. கல்வெட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள், அது ஜன்னலைச் சாத்திக்கொண்டது, வாங்கவில்லை. என் காதுகுத்துப் பத்திரிகை ஒன்று அதன் கதவில் ஒட்டியிருந்தது. நானே போய்க் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, கொஞ்சம் நேரம் ஆயிற்று.

நாலாவது தட்டை அவள் திருப்பவில்லை, மணிக்கூண்டுக் கல்லூரியிடம் போய், நாளைக்குக் கிளம்பலாம் என்று நாள் சொன்னாள். ஊர் முழுக்க வந்து கரையில் நின்றது. "அவசரப்பட்டுட்டியேம்மா" என்றார்கள். "நாப்பத்தேழு நாளு அவசரமா?" என்றார் அத்தை, அதுவரை எங்கள் பக்கமா அவர்கள் பக்கமா என்று தெரியாமல் இருந்தவர், அப்போது தெரிந்துவிட்டது. மறுபடி கேசரி கிண்டி டப்பாவில் போட்டு, மூடியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்து, பெட்டிக்குள் வைத்தார். நாற்பத்தெட்டாம் நாள் காலையில் கதிரேசன் தன் குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக் கண்மாய்க்குள் கொண்டுவந்து விட்டார். மணிக்கூண்டுக் கல்லூரி தன் வாசற்படியைத் தாழ்த்திக் கொடுத்தது. ரோகிணி ஏறி மேல்படியில் உட்கார்ந்தாள், மடியில் கணக்கு நோட்டு. கல்லூரி எழுந்தது, ஒன்று என்று மணி அடித்தது, முதல் அடி வைத்தது.

அப்போதுதான் வறண்டு கிடந்த வரத்துக்கால்வாய்ப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தண்ணீர். செய்தி இல்லை, தண்ணீரேதான், நுரையும் சருகுமாக, இருபது வருஷத்துத் தாமதத்துக்கு வெட்கப்பட்ட மாதிரி வேகமாக வந்தது. முள் இல்லாத, மிதித்து ஆழமான கண்மாய்க்குள் அது தயங்காமல் இறங்கிப் பரவியது. இருளப்பன் தலைவராகிப் பார்த்திராத காட்சி, வாயைத் திறந்தபடி நின்றார். இரண்டு, மூன்று என்று மணி அடித்துக்கொண்டு கல்லூரி கரையேறிக்கொண்டிருந்தது. ஊர் தண்ணீரைப் பார்த்தது, நான் அவளைப் பார்த்தேன், அவள் மடைக்கல்லைப் பார்த்தாள். நேற்று கல்லூரிகள் எழுந்தபோது மண் இன்னும் ஒரு சாண் இறங்கி, கல்லின் அடியில் இரண்டு வரி புதிதாகத் தெரிந்தன. தண்ணீர் அவற்றிலிருந்து இருபது அடியில் வந்துகொண்டிருந்தது.

அவள் படியில் எழுந்து நின்றாள். மணிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்:

"மதினி! சாணி வாழையிலைல இருக்கு, பானையில வையுங்க, எத்தன உருண்டைன்னு ராத்திரிக்குள்ள எழுதிருங்க! அதுக்கு முன்னாடி கோதுமை மாவ எடுத்துட்டு ஓடுங்க, தண்ணி கல்லத் தொடறதுக்குள்ள அந்தக் கடைசி ரெண்டு வரியிலயும் தேய்ச்சு, தெரியற எழுத்தத் தெரியற மாதிரியே கல்வெட்டு நோட்டுல இன்னொரு தாள் ஒட்டி வரைஞ்சு வையுங்க. புரியலன்னாலும் பரவால்ல மதினி, அந்த ஒரு முந்திரித் தண்ணி யாருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க!"